அண்ணி கொடுத்த ஜெபக்குறிப்பு

கல்யாண கவுனைப் போட்டுக்கொண்டே தையல் கடைக்குள் வந்து நின்றாள் மணப்பெண். பின்னாலேயே அவள் அம்மா, தையல்காரியின் அண்ணி. கோடையிலிருந்து பேச்சுவார்த்தையே இல்லாத அண்ணி.

"அத்தை, கையைத் தூக்கவே முடியல! நாளைக்கு சர்ச்ல பொம்மை மாதிரி நிக்கணுமா?"

"எந்தப் புண்ணியவான் தச்சான் இதை?" என்றாள் தையல்காரி.

தைத்தது வேறு கடையில். நாத்தனாரிடம் தைக்கக் கொடுக்க அண்ணிக்கு முகமில்லை.

தையல்காரியின் கணவர் வேலைக்காக வெளியூர் போயிருந்தார், அவ்வளவுதான். அண்ணியோ ஜெபக்கூட்டத்தில் எழுந்து, கண்ணைக் கசக்கி, "எங்க நாத்தனார் குடும்பம் உடையாம இருக்க ஜெபிச்சுக்கோங்க" என்று ஜெபக்குறிப்பு கொடுத்துவிட்டாள். குடும்பம் உடைகிறது என்ற வதந்தி சபை முழுக்கப் பற்றிக்கொண்டது. துணி கொடுக்க வந்தவர்களெல்லாம் துக்கம் விசாரித்தார்கள். லீவில் வந்த மனுஷனைப் பாஸ்டர் தனியாகக் கூப்பிட்டுப் புத்தி வேறு சொன்னார்.

'மன்னிச்சுட்டேன் ஆண்டவரே' என்று தினமும் காலையில் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள் தையல்காரி. அண்ணியைத் தெருவில் பார்த்தால் மட்டும் எதிர்ப்பக்கம் போய்விடுவாள். இன்று எதிர்ப்பக்கம் கிடையாது. ஆளே கடைக்குள் நிற்கிறாள். இப்போது மன்னிக்க முடியாவிட்டால் அந்தக் காலை ஜெபமெல்லாம் வெறும் வாய்ப்பேச்சு.

"தச்சுத் தர்றேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு, அண்ணி. நீங்க பண்ணது தப்பு. ரொம்ப வலிச்சுது. ஆனா உங்களை மன்னிச்சுட்டேன்."

"நான் ஜெபம்தானே பண்ணச் சொன்னேன்! இந்தக் காலத்துல நல்லது நினைச்சாலும் குத்தமா?"

"அம்மா, கொஞ்சம் சும்மா இரேன்!" என்று மணப்பெண் பல்லைக் கடித்தாள்.

தையல்காரிக்குக் கோபம் சுர்ரென்று மண்டைக்கு ஏறியது. மன்னித்தேன் என்று சொன்ன வாயின் ஈரம்கூட இன்னும் காயவில்லை! ஆனால் அண்ணி மன்னிப்பு கேட்டால்தான் நான் மன்னிப்பேன் என்றால் அது வியாபாரம். இயேசு அப்படியா செய்தார்?

"சரி அண்ணி. மறுபடியும் மன்னிச்சுட்டேன். உட்காருங்க. நீ போய் கவுனை மாத்திட்டு வாம்மா."

மணப்பெண் திரைக்குப் பின்னால் போனாள். அண்ணி ஸ்டூலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். எதற்கும் மல்லுக்கு நிற்கிற நாத்தனார் இப்படிப் பேசுவாள் என்று அவள் நினைக்கவேயில்லை. சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

"உன்கிட்டயே வந்து கேட்டிருக்கணும்" என்றாள் கடைசியில், தரையைப் பார்த்து. "கூட்டத்துல போய்ச் சொல்லியிருக்கக் கூடாது."

"ஆமா, கூடாது." மணப்பெண் மாற்றிக் கொடுத்த கவுனின் அக்குள் தையலைப் பிரித்துக்கொண்டே தையல்காரி சொன்னாள். "நாளைக்கு உங்க பக்கத்துலதான் உட்காருவேன். இடம் பிடிச்சு வைங்க."