இரண்டு பேர் ஓட்டிய ஜீப்

கட்டிய புருஷன் பேரைச் சொல்லக் கூடாது என்பார்கள். கதை புரிய வேண்டுமே என்பதற்காக ஒரே ஒரு தரம் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் பெயர் இருதயசாமி. பட்டாளத்தில் பதினைந்து வருஷம் வண்டி ஓட்டியவர். நான் சவரியம்மாள். சேரப்பணஞ்சேரியில் எங்கள் கோயிலில் பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரே மகளைத் தாம்பரத்தில் கட்டிக்கொடுத்தாயிற்று. வீட்டில் மிச்சம் நாங்கள் இரண்டு பேரும் ஒரு ஜீப்பும்தான்.

இரண்டாம் உலகச் சண்டைக் காலத்து ஜீப் அது. ஆவடியில் பட்டாளத்துப் பழைய வண்டிகளை ஏலம் விட்டபோது எடுத்தார். கதவு கிடையாது, தலைக்கு மேல் கித்தான், ஸ்டீரிங் இடது பக்கம். அதைத் துடைக்கிற அக்கறையில் கால் பங்கை என்மேல் காட்டியிருந்தால் எனக்கு இத்தனை சீக்கிரம் தலை நரைத்திருக்காது. ஸ்டீரிங்கையும் கியரையும் வேறொருவர் தொட்டால் அவருக்குப் பொறுக்காது. ஒரு நாள் கியர்த் தண்டின் தலையில் இருந்த தூசியை நான் முந்தானையால் துடைக்கப் போனேன். "கைய எடு மே! அது இன்னா உன் அருவாமணையா?" என்று கத்தினார். பதினோரு வருஷம் வலது பக்கம் உட்கார்ந்து போயிருக்கிறேன். என் இடது கையிலிருந்து ஒரு சாண் தூரத்தில் கியர். அதன் பிறகு தொட்டதே இல்லை.

எழுபத்து நாலாம் வருஷக் கடைசியில் கோவாவில் புனித சவேரியாருடைய நானூறு வருஷமாகக் கெடாத உடலை ஜனங்கள் பார்க்க வைத்திருந்தார்கள். பத்து வருஷத்துக்கு ஒரு தரம் வருகிற காட்சி. சவரி என்று எனக்கு வைத்ததே அவர் பெயரைத்தான். நாற்பத்தாறு வயதாகியும் பெயர் கொடுத்தவரைப் போய்ப் பார்க்கவில்லையே என்று ஆற்றாமை. போக வேண்டும் என்றேன். ரயில் டிக்கெட் எடுப்பார் என்று நினைத்தேன்.

"ரயிலு இன்னாத்துக்கு? ஜீப்புல போலாம். வழியில அதுலயே படுத்துக்கலாம்" என்றார்.

ஊர் சிரித்தது. அவருடைய அண்ணன் யாக்கோபுதான் அதிகமாகச் சிரித்தார். "தம்பி, இது வாலாஜாபாத் தாண்டிச்சினா நான் மொட்டை போட்டுக்கறேன்டா."

சிரித்தவர்கள்தான் புறப்படுகிற அன்று கையில் ஆளுக்கொரு பொருளோடு வந்து நின்றார்கள். தூரத்துக் கோயிலுக்குப் போகிறவர்களிடம் போக முடியாதவர்கள் ஏதாவது கொடுத்தனுப்புவார்கள். அதைப் புனிதரின் பேழையில் ஒற்றி எடுத்து வந்தால் அவர்களே போய் வந்த மாதிரி. ஜெபமாலை, கைக்குட்டை, சீக்காளியின் சட்டைத் துண்டு, எல்லாம் வந்தன. மூன்று பிள்ளைகளை வயிற்றிலேயே பறிகொடுத்து, நாலாவதைச் சுமந்துகொண்டிருந்த கிளாரா, பிறக்கப் போகிற பிள்ளைக்கு வாங்கின அரைஞாண் கயிற்றைக் கொடுத்தாள். கொடுத்தவள் கையை விடவில்லை. நான்தான் மெல்லப் பிரித்தெடுத்தேன். எதிர் வீட்டுப் பாஞ்சாலி, மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவள், சினை பிடிக்காத தன் பசுவைக் கட்டுகிற தும்புக் கயிற்றைக் கொண்டு வந்தாள்.

"இதையுமா?" என்றேன்.

"சாமி மாட்டுகிட்ட மதம் கேக்குமாக்கா?" என்றாள்.

நாற்பது வீட்டுப் பொருள்கள். ஒரு வெள்ளைத் துணியில் வைத்து முடிந்தேன். இதை ஒற்றாமல் திரும்பினால் அந்த நாற்பது வாசலையும் எந்த முகத்தோடு தாண்டுவேன்?

கிறிஸ்மஸ் முடிந்து மறுநாள் கிளம்பினோம். காட்சி முடிய பதினோரு நாள் இருந்தது. வாலாஜாபாத்தைத் தாண்டும்போது வண்டியை நிறுத்தி, ஊர்ப் பக்கம் திரும்பி, "அண்ணே, கத்திய தீட்டி வெச்சுக்கோ!" என்று கத்திவிட்டுத்தான் மறுபடி எடுத்தார்.

ஜீப்பில் படுப்பது எப்படி என்று இப்போதும் பெண்கள் என்னிடம் கேட்கிறார்கள். பின் சீட்டைக் கழற்றிவிட்டு, பின் சக்கரங்களை மூடியிருக்கிற இரண்டு பெட்டிக்கும் மேலாக ஒரு பலகை போட்டிருந்தார். முன் சீட்டை மடக்கினால் காலை நீட்டலாம். அகலம் ஒன்றரை ஆளுக்கு. அவர் ஒரு ஆள், நான் அரை. ஒருவர் புரள வேண்டுமானால் மற்றவரிடம் சொல்லிவிட்டுத்தான் புரள வேண்டும். சுற்றிலும் தொங்கவிட நானே கித்தானில் திரை தைத்திருந்தேன். நாற்பது வீட்டு முடிச்சை இருவருக்கும் நடுவில் தலைமாட்டில் வைத்துக்கொள்வோம். வேலூர் தாண்டி ஒரு மாந்தோப்பில் படுத்தோம், தும்கூருக்கு அப்பால் ஒரு ஏரிக்கரையில். அந்த ஏரி நம் செம்பரம்பாக்கத்தில் பாதி இருக்குமா என்று இருவரும் சண்டை போட்டோம். வழியில் ஒரு இடத்தில் ரேடியேட்டர் ஒழுகி இரண்டு நாள் போயிற்று. அவர் சளைக்கவில்லை, நானும் முகம் சுளிக்கவில்லை. என் வாழ்நாளில் அவ்வளவு நன்றாகத் தூங்கியதில்லை. பொய் சொல்லவில்லை.

எங்கே படுத்தாலும் விடிந்ததும் ஜீப்புக்கு முன்னால் பெருக்கி, தண்ணீர் தெளித்து, ஒரு சின்னக் கோலம் போட்டுவிடுவேன். படுத்து எழுந்த இடம் வீடுதானே? வாசல் வெறுமையாக இருந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. "ரோட்ட வூடாக்கிட்டா" என்று அவர் கிண்டல் செய்வார்.

அந்தக் கோலம்தான் வினையாயிற்று.

தார்வாரைத் தாண்டி, காட்டு ரோட்டோரம் ஒரு காலை. எதிரே வந்த லாரி எங்களைப் பார்த்துவிட்டு ஓரம் கட்டியது. டிரைவர் இறங்கி வந்து, "டீ கிடைக்குமாம்மா?" என்றார், நல்ல தமிழில். கோலத்தையும் எரிகிற அடுப்பையும் பார்த்து, தமிழ்க்காரர் யாரோ புதிதாகக் கடை போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். பெயர் மாரி, ஊர் வாலாஜாபேட்டை. அத்தனை தூரத்தில் நம் பக்கத்து ஆளைப் பார்த்த சந்தோஷத்தில் டீ போட்டுக் கொடுத்தேன். அவர் டீயை ஊதிக்கொண்டே ஜீப்பைச் சுற்றி வந்து, "இத்த இன்னும் கையால சுத்தித்தான் ஸ்டார்ட் பண்றியாண்ணே?" என்று கேட்டார்.

போதாதா? பட்டாளத்துக்காரர் மார்பை நிமிர்த்தினார். இரும்புக் கைப்பிடியை எடுத்து முன்னால் சொருகினார். "பாத்துக்க மாரி. கட்டைவிரல் மத்த விரலோடதான் இருக்கணும். சுத்திப் புடிச்சா என்ஜின் திருப்பி அடிக்கும், கை பூடும். எத்தினி பேருக்கு நான் கத்துக்குடுத்துக்கிறேன் தெரியுமா?" மாரியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார். கையைப் பார்க்கவில்லை. கட்டைவிரல் சுற்றிப் பிடித்திருந்தது. ஒரு சுற்று. கைப்பிடி திருப்பி அடித்தது. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

வலது மணிக்கட்டு. பார்த்த மாத்திரத்திலேயே எலும்பு போய்விட்டது தெரிந்தது. இரண்டு அகப்பைகளை ஒடிந்த இடத்துக்கு அணையாக வைத்து, பழைய புடவையைக் கிழித்து இறுக்கிக் கட்டினேன். வலியை அவர் தாங்கிக்கொண்டார். வெட்கத்தைத்தான் தாங்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர்.

"லாரியில ஏறுங்க. ஹூப்ளியில ஆஸ்பத்திரி கீது, அங்கேர்ந்து ரயில்ல வூட்டுக்குப் பூடுங்க. வண்டிய அப்பால ஆள் வுட்டு எடுத்துக்கலாம்" என்றார் மாரி.

"நீ ஓட்டியாறியா மாரி?" என்று கேட்டேன்.

"லோட நடு ரோட்ல வுட்டுட்டு எப்பிடிம்மா வர்றது? அதுவுமில்லாம ஸ்டீரிங் இந்தப் பக்கம் இருந்தா எனக்குக் கை வராது."

இவர் தலையைக் குனிந்துகொண்டு, "திரும்பிடலாம் சவரி" என்றார்.

காட்சி முடிய இன்னும் நாலே நாள். பலகைமேல் நாற்பது வீட்டு முடிச்சு. எனக்கு வந்த கோபத்தை இவர்மேல் காட்டுவதா, கோலத்தின்மேல் காட்டுவதா என்று தெரியவில்லை. ஜீப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவருக்கு ஒடிந்தது வலது கை. ஸ்டீரிங் இடது பக்கம். இடது கையால் அதைப் பிடிக்கலாம், கால் இரண்டும் நன்றாக இருக்கின்றன. வலது கைக்கு உள்ள வேலை கியர் ஒன்றுதான். அந்தக் கியர் என் பக்கத்தில் இருக்கிறது.

"நீங்க ஓட்டுங்க. கியர நான் போடறேன்."

மாரி சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. "உனக்கு இன்னா தெரியும்?" என்றார்.

"பதினோரு வருஷமா பாத்துகினுதானே வரேன்? உங்க பக்கம் தள்ளிக் கீழ இஸ்தா ஒண்ணு. என் பக்கம் மேல தள்ளினா ரெண்டு. அப்பிடியே நேரா கீழ இஸ்தா மூணு. சரியா, தப்பா?"

அவர் இடது கையால் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். மாரியும் கிளீனரும் பின்னாலிருந்து தள்ளிவிட்டார்கள்.

முதல் பத்து மைல் நரகம். "ரெண்டு! ரெண்டுன்றேன்! ஐயோ, கியர் பல்லு பூரா கொட்டுதே!" என்று அவர் அலறினார். கியரும் அலறியது. "இன்னொரு தரம் கத்தினா இங்கயே எறங்கிடுவேன். அப்பால வாயாலதான் கியர் போடணும்" என்றேன். வாயை மூடினார். அதன் பிறகுதான் எனக்குப் பிடிபட்டது. அவர் சொல்லைக் கேட்கக் கூடாது. இடது காலைப் பார்க்க வேண்டும். கிளச் இறங்கினால் என் கை போக வேண்டும். எந்தக் கியர் என்பதை என்ஜினே சொல்லும். மூச்சு முட்டினால் கீழ் கியர், இரைந்தால் மேல் கியர். தையல் மிஷின் சத்தத்தை வைத்தே நூல் அறப் போகிறதென்று சொல்கிறவள் நான். இது பெரிய வித்தையா?

லோண்டாவில் ஒரு டாக்டர் மாவுக்கட்டுப் போட்டு, வண்டி ஓட்டக் கூடாது என்றார். சரி என்று சொல்லிவிட்டு வந்து ஏறிக்கொண்டோம்.

மறுநாள் அன்மோடு மலை. இறக்கம் முழுக்க வளைவு, ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். நாலாவது வளைவுக்கு முன்னால் கிளச் இறங்கியது. மூன்றிலிருந்து இரண்டுக்குத் தள்ளினேன். விழவில்லை. மறுபடி தள்ளினேன். கியர் நடுவில் நின்றுவிட்டது. ஜீப் தன் இஷ்டத்துக்கு உருள ஆரம்பித்தது. கீழிருந்து ஒரு லாரி ஏறி வந்துகொண்டிருந்தது. அவர் பிரேக்கின்மேல் எழுந்தே நின்றார். வேகம் குறைந்தது, நிற்கவில்லை.

"சவரி" என்றார். கத்தவில்லை. அந்தக் குரலில் அவர் என்னைக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை.

நடுவில் இருந்த கை பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். ஜீப் உதறியது. அவர் கிளச்சை விட்டு, என்ஜினை ஒரு முறை இரைய வைத்து, மறுபடி மிதித்தார். ஏன் அப்படிச் செய்கிறார் என்று அப்போது எனக்குத் தெரியாது; என்ஜின் வேகம் கூடினால்தான் கீழ் கியர் விழும் என்று பிறகுதான் சொன்னார். காலைப் பார்த்தேன், தள்ளினேன். வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி இரண்டு விழுந்தது. என்ஜின் வண்டியைப் பிடித்துக்கொண்டது. லாரி உரசாமல் மேலே போயிற்று.

அடிவாரத்துக்கு வந்து சேர்ந்தோம். அங்கே ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். மாவுக்கட்டைப் பார்த்த கடைக்காரர், யார் ஓட்டியது என்று சைகையில் கேட்டார். இவர் தன்னைக் காட்டினார். பிறகு என்னைக் காட்டினார். பிறகு இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டினார்.

காட்சி முடிய ஒரு நாள் இருக்கும்போது கோயிலில் நின்றோம். ஐந்து மணி நேர வரிசை. பேழைக்குப் பக்கத்தில் கிடைத்தது ஒரு நிமிஷம்கூட இல்லை. முடிச்சை நன்றாக அழுத்தி ஒற்றினேன், உள்ளே இருக்கிற தும்புவரைக்கும் படட்டும் என்று. எனக்காக ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. "உம்ம பேர வெச்சிகினவ வந்துட்டேன்" என்று மட்டும் சொன்னேன். வந்த விதத்தை அவரே பார்த்திருப்பார்.

திரும்பி வரும்போதும் அப்படித்தான். அவர் கால், என் கை. பாட்டரி பலவீனம், கைப்பிடி சுற்ற ஆள் இல்லை. அதனால் தினமும் சரிவாகப் பார்த்து நிறுத்தி அதிலேயே படுத்தோம். காலையில் கல்லை எடுத்துவிட்டால் ஜீப் தானே உருண்டு புறப்பட்டுவிடும். ஊருக்குள் நுழையும்போது கோயில் மணி அடித்தார்கள். கிளாரா வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். அவள் கையில் அரைஞாணை வைத்தபோது நான் ராணி மாதிரி இருந்தேன் என்று பாஞ்சாலி சொன்னாள். நான் மறுக்கவில்லை. அப்படித்தான் இருந்திருப்பேன்.

ஆறு வாரம் கழித்துக் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டை வெட்டினார்கள். டாக்டர் அவருடைய மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்து, இனி எல்லாம் செய்யலாம், வண்டியும் ஓட்டலாம் என்றார். எனக்குச் சந்தோஷம்தான். ஜீப்பில் ஏறினோம். அவர் வண்டி, அவர் கியர், கை சரியாகிவிட்டது. நான் இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்து உட்கார்ந்தேன்.

ஸ்டார்ட் ஆயிற்று. கிளச்சை மிதித்தார். வண்டி நகரவில்லை. திரும்பிப் பார்த்தேன். இரண்டு கையையும் ஸ்டீரிங்கில் வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"இன்னா?" என்றேன்.

"ஒண்ணு போடு மே. எத்தினி நேரம் கிளச்ச மிதிச்சிகினே இருக்கறது?" என்றார்.