பதினோராவது கேள்விக்கு ஐரினின் பதில்

1

இந்தக் கதை ஒரு படிவத்தை நிரப்பப் போய் வந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் நீங்களாகக் கண்டுபிடித்து என்னைத் திட்டக் கூடாது.

பெங்களூர் லிங்கராஜபுரத்தில் நான் குடியிருக்கும் மாடிக்குக் கீழே ஐரின் இருக்கிறாள். நாற்பத்து மூன்று வயது. கோலார் தங்கவயலில் பிறந்தவள். நாகவாரா பக்கம் ஓர் அலுவலகத்தில், ஆஸ்பத்திரிச் செலவுக்கான இன்சூரன்ஸ் கிளெய்ம்களைச் சரிபார்க்கும் பன்னிரண்டு பேருக்கு டீம் லீட். போன வெள்ளிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்தாள்.

"அண்ணா, நீங்க கதையெல்லாம் எழுதுறீங்கல்ல? எனக்கு ஒரு அரைப் பக்கம் எழுதிக் குடுங்க. அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும்."

வருஷக் கடைசியில் ஊழியர்கள் தங்களைப் பற்றித் தாங்களே எழுதித் தர வேண்டிய படிவம். பத்துக் கேள்விகளுக்குப் பதில் இருந்தது. பதினோராவது காலியாக இருந்தது: மேலாளர் பதவிக்கு நீங்கள் ஏன் பொருத்தமானவர்?

"இதுல என்ன கஷ்டம்?" என்றேன்.

"என்னைப் பத்தி எழுதணும்ணா. அதான் கஷ்டம்."

விஷயம் இதுதான். அவளுடைய மேலாளர் தினேஷ், ஒரு காலத்தில் அவள் டீமில் இருந்த பையன், ஹைதராபாத் போகிறான். அவன் இடம் காலியாகிறது. இதற்கு முன் மூன்று தடவை அந்த இடம் காலியானது. மூன்று தடவையும் ஐரின் இந்தக் கேள்வியைக் காலியாக விட்டு, வேறு யாரையாவது கையைப் பிடித்து முன்னால் தள்ளிவிட்டாள். இந்த முறையும் விட்டால் வெளியிலிருந்து ஆள் எடுக்கப் போகிறார்களாம். அப்புறம் ரிட்டயராகி வீட்டுக்குப் போகும் நாள்வரை அவள் டீம் லீட்தான்.

2

முதல் வரைவு:

தங்கச் சுரங்கத்தின் இருளிலிருந்து புறப்பட்ட ஓர் ஒளிக்கீற்றாக நான்

"அண்ணா, இது கரண்ட் ஆபீசுக்கா போகுது?" என்றாள். அழித்தேன்.

இரண்டாவது வரைவு:

நிராகரிக்கப்படும் கிளெய்ம்களைத் தனி ஆளாக நின்று பாதியாகக் குறைத்த நான்

"தனி ஆளா எங்க? ஒரு பேப்பர் குறையுதுன்னு கிளெய்மைத் தள்ளுறதுக்கு முன்னாடி, ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் போட்டுக் கேக்கறோம். அவ்ளோதான். போன் போட்டது என் டீம் தனக்கோடி."

"யோசனை யாருது?"

"என்னுது."

"பின்ன?"

"யோசனையெல்லாம் ஒரு வேலையாண்ணா? ஒரு நாளைக்கு அறுபது போன் போட்டுப் பாருங்க, தெரியும்."

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. பழைய வருஷத்துப் படிவங்களைத் திறக்கச் சொன்னேன். 'உங்கள் சாதனைகள்' என்ற கட்டத்தில் கல்யாணப் பத்திரிகை மாதிரி டீம் ஆட்களின் பெயர்களாக அடுக்கியிருந்தாள். தனக்கோடி, தினேஷ், கிருத்திகா. போன் போடும் யோசனை தினேஷ் பெயரில் இருந்தது. அதைக் காட்டித்தான் அவன் மேலாளர் ஆனான். அவன் பெயர் மட்டும் நாலு இடத்தில் இருக்கிறது, ஐரின் பெயர் மேலே 'பெயர்' என்று கேட்ட இடத்தில் மட்டும்.

மூன்றாவது வரைவு:

ஐரின் என்றொரு பெண் இருந்தாள்.

இந்த இடத்தில்தான் படிவம் என் கையை விட்டுப் போய்க் கதையானது. மன்னிக்கவும், தொழில் புத்தி.

3

ஒரு பாத்திரம் இப்படி நடந்துகொண்டால் அதற்கு ஒரு காரணம் வேண்டும். இல்லாவிட்டால் வாசகர் நம்பமாட்டார். (நீங்கள் நம்புவீர்களோ என்னவோ, நான் நம்பவில்லை.) ஒருத்தி நல்லவளாக இருக்கலாம், மூன்று தடவை வாசல்வரை வந்ததைத் திருப்பி அனுப்பும் அளவுக்கா? அவளையே கேட்டேன்.

அவள் அப்பா ரெமிஜியஸைப் பற்றிச் சொன்னாள். அவர் சுரங்கத்தில் ஒரு ஷிஃப்டுக்கு மேஸ்திரி. வேலை முடிந்ததும் ஆட்களை மேலே தூக்கிவரும் கூண்டில் எல்லாரையும் ஏற்றி அனுப்பிவிட்டு, கடைசிக் கூண்டில்தான் வருவாராம். மற்ற வீடுகளில் அப்பாக்கள் வந்து குளித்துச் சாப்பிட்டும் முடித்திருப்பார்கள். சின்ன ஐரின் வாசலில் நிற்பாள். அவள் அம்மா சொல்வாளாம், பொறுப்பில் இருப்பவர் கடைசியில்தான் ஏற வேண்டும் என்று.

"அது அப்படியே மனசுல உக்காந்துடுச்சுண்ணா. டீம்ல லீவு எடுக்கறதுலயும் நான்தான் லாஸ்ட். கேக் வெட்டுனாலும் எனக்கு லாஸ்ட் பீஸ். இதுவும் அப்படித்தான். என் ஆளுங்க நிக்கிறப்போ நான் எப்படி முன்னாடி போறது?"

அடடா! எனக்கு வாயெல்லாம் பல். சுரங்கம், கூண்டு, அப்பா, தியாகம். இதைவிட ஒரு கதைக்காரனுக்கு என்ன வேண்டும்? கடகடவென்று அரைப் பக்கம் எழுதினேன்.

(இடையில் ஒரு சேதி. ஐரினின் கணவர் எங்கே என்று சிலர் கேட்பீர்கள். இருக்கிறார், நல்ல மனிதர். "என்னைக் கதையில போட்டா அடுத்த மாசத்துலேருந்து தண்ணி மோட்டார் நீங்களே போட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டார். ஆகவே போடவில்லை.)

4

ரெமிஜியஸ் ஐயா மாடிக்கு வருவார் என்று நான் திட்டமிடவில்லை. மகள் வீட்டில்தான் இருக்கிறார், எழுபத்தாறு வயது, முழங்கால் வலி. மகள் டீ குடிக்க இன்னும் இறங்கி வரவில்லையே என்று ஃபிளாஸ்கோடு ஏறி வந்துவிட்டார். உட்கார வைத்து, எழுதியதைப் படித்துக் காட்டினேன். கண்ணைத் துடைப்பார் என்று எதிர்பார்த்தேன்.

மனிதர் சிரித்தார். இருமல் வரும்வரை சிரித்தார்.

"யாருப்பா உனக்கு இதெல்லாம் சொன்னது? மொத கூண்டுல ஏறுனா ஒருத்தன் மேல ஒருத்தன் நிக்கணும். வேர்வை நாத்தம் கொடலப் புடுங்கும். கடைசிக் கூண்டு காலியா இருக்கும். நான் பாட்டுக்குக் காத்தாட வருவேன்."

ஐரின் எழுந்துவிட்டாள். "டாடி, பொறுப்புன்னு மம்மி சொன்னாங்களே?"

"லேட்டா வந்தா உங்கம்மா சும்மா வுடுவாளா? இன்னாவாவது சொல்லணும்ல. பொறுப்புன்னு சொன்னேன். நம்பிக்கினா."

என் அரைப் பக்கம் திரையில் அசடு வழிந்துகொண்டிருந்தது. பிறகு அந்தக் கிழவருக்கும் ஏதோ உறைத்தது. மகளை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏம்மா, இதுக்கோசரமா நீ மூணு தபா வுட்டே?"

ஐரின் தலையை ஆட்டினாள்.

"மேஸ்திரி வேலைக்கு எட்டுப் பேரு நின்னோம்மா. நான் ஆபீசருகிட்ட ரெண்டு தபா போயிக் கேட்டேன். அதை உன்கிட்ட யாரும் சொல்லலியா?"

"நாசமாப் போச்சு, டாடி" என்று சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு எங்கே அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை. கிழவர் பதறிப்போய் ஃபிளாஸ்க் மூடியில் டீ ஊற்றி அவள் கையில் திணித்தார். இரண்டு பேர் மீதும் எனக்கு அப்படி ஒரு பாசம் வந்தது.

5

மணி நாலு இருபது. காரணம் கவிழ்ந்துவிட்டது, கதை மட்டும் மிச்சம். முடிவை எழுதிவிட்டால் அதிலிருந்து பின்னோக்கி வந்து பதினோராவது கேள்வியைப் பிடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

முடிவு அ: ஐரின் மேலாளர் ஆகிறாள். எல்லாரும் கைதட்டுகிறார்கள். கேக்கின் முதல் துண்டு

வேண்டாம். எனக்கே கூச்சமாக இருந்தது.

முடிவு ஆ: ஐரின் யோசித்துப் பார்க்கிறாள். தன் மனநிறைவு பதவியில் இல்லை, அந்தப் பன்னிரண்டு பேரோடுதான் இருக்கிறது என்று உணர்கிறாள். லேப்டாப்பை மூடுகிறாள். மாலை வெயில்

இது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. நாசூக்காக இருந்தது. கொஞ்சம் பெருமையோடுதான் படித்துக் காட்டினேன்.

"எனக்கு வேணாம்னு சொல்ல நீங்க யாருண்ணா?"

இத்தனை வருஷத்தில் அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

"எனக்கு வேணும். மூணு தடவையும் வேணும்னுதான் இருந்துச்சு. தினேஷ் அந்தச் சீட்ல உக்காந்த அன்னிக்கு பாத்ரூம்ல போய் அழுதேன். மூஞ்சி கழுவிக்கிட்டு வந்து அவனுக்குக் கேக் ஆர்டர் பண்ணது யாரு? நான்தான். மனநிறைவாம்! ஒரு போன் போடுற விஷயத்தை மத்த டீமுக்கும் ரூலா போடுங்கன்னு ரெண்டு வருஷமா சொல்றேன், லீட் சொன்னா யாரு கேக்கறாங்க? அந்தச் சீட்ல இருந்தா நானே போட்டுடுவேன். எத்தனை வீட்டுக்கு ஆஸ்பத்திரிப் பணம் சீக்கிரம் வரும் தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது. எனக்கு ஒன்றும் தெரியாது. இருபது வருஷமாக எழுதுகிறேன், ஆசைப்படாத பெண் என்றால் உடனே அவளை உயர்ந்தவளாக்கிவிடுவது எனக்குக் கைவந்த கலை. வெட்கமாக இருந்தது. முடிவு 'ஆ'வை அழித்தேன். இங்கே உங்களுக்காகத்தான் விட்டு வைத்திருக்கிறேன், நான் செய்யப் பார்த்தது தெரியட்டும் என்று.

6

"தள்ளுங்க" என்று லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். வேகமாகத் தட்டினாள், நின்றாள், மறுபடி தட்டினாள். எட்டிப் பார்த்தேன். "பாக்காதீங்க, கதையில போட்டுடுவீங்க" என்று திரையைத் திருப்பிக்கொண்டாள். ஆகவே பதினோராவது கேள்விக்கு அவள் எழுதிய பதில் இந்தக் கதையில் கிடையாது. ஐந்து மணிக்குப் பதினைந்து நிமிஷம் இருக்கும்போது அனுப்பிவிட்டாள்.

அதோடு விட்டிருக்கலாம். அவள் போனை எடுத்தாள்.

"தினேஷ், ஐரின் பேசுறேன். ஃபார்ம் அனுப்பிட்டேன்... இல்லப்பா, லேட் இல்ல. அதுல எழுதினதை உன்கிட்ட வாயாலயும் சொல்லணும்." மூச்சு இழுத்துக்கொண்டாள். "அந்த வேலை எனக்கு வேணும்."

ரெமிஜியஸ் ஐயா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். அந்தப் பக்கம் தினேஷ் ஏதோ சொல்ல ஆரம்பித்தான். ஸ்பீக்கரில் போடு என்று சைகை காட்டினேன். அவள் எழுந்து மொட்டைமாடிக்குப் போய்விட்டாள். முதுகு மட்டும் தெரிந்தது. ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டே நின்றாள்.

தினேஷ் என்ன சொன்னான் என்று அவள் இன்றுவரை சொல்லவில்லை. முடிவு ஏப்ரலில் வருமாம். காத்திருந்து எழுதலாம்தான், எழுத மாட்டேன். இந்தப் பெண்ணின் விஷயத்தில் நான் போதுமான அளவு தப்புப் பண்ணியாயிற்று. தினேஷின் பதிலை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். வேலையைக் கொடுங்கள், கொடுக்காமல் போங்கள், உங்கள் இஷ்டம். வேணும் என்று அவள் கேட்ட வரியை மட்டும் அடிக்காதீர்கள்.