அரிசி டிரம்மில் அன்னாசி

மகள் ரூத் கேட்டதால் அன்னாசிப்பழம் வாங்கினேன். வேலை முடிந்து வரும்போது எண்ணூர் சாலையில் ஒரு வேனில் குவித்து விற்றுக்கொண்டிருந்தார்கள். பச்சையாக இருந்தது. வீட்டில் பழுக்க வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

என் மனைவி ஜானட் மாங்காயை அரிசி டிரம்மில் புதைத்து வைப்பாள். நாலு நாளில் பழுத்துவிடும். அவள் இறந்து ஏழு மாதமாகிறது. நானும் அன்னாசியை அரிசிக்குள் புதைத்தேன். ரூத் தினமும் மூடியைத் திறந்து பார்த்தாள். அவளுக்கு ஐந்து வயது.

ஐந்தாம் நாள் சாயங்காலம் அறுத்தேன். உள்ளே வெளிறியிருந்தது. ரூத் ஆசையாக நான்கு துண்டு தின்றாள். பிறகு அழுதாள்.

"அப்பா, நாக்குல முள்ளு குத்துது."

நாக்கு சிவந்திருந்தது. ஜானட்டுக்குக் காய்ச்சல் வந்தபோது, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னவன் நான். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். சாலை முழுக்க கன்டெய்னர் லாரிகள். ஆட்டோ எதுவும் நகரவில்லை.

தெருமுனையில் டில்லிபாபுவின் பழவண்டி. பள்ளியில் என்னோடு படித்தவன். பைக் வைத்திருக்கிறான்.

"டில்லி, பைக்க எட்றா. ஆஸ்பத்திரிக்குப் போணும்."

"இன்னாச்சு மாமு?"

சொன்னேன். அவன் ரூத்தைப் பழவண்டி மேல் உட்காரவைத்து, போன் வெளிச்சத்தில் வாயைப் பார்த்தான்.

"மூச்சு வுட கஷ்டமா கீதா கண்ணு?"

இல்லை என்று தலையாட்டினாள்.

"ஒதடு வீங்கல. ஒடம்புல தடிப்பு இல்ல. காயா துன்னா இப்டிதான் அரிக்கும். எங்க புட்ச்ச இந்தக் காய?"

"ரோட்ல ஒரு வேன்ல. பழுக்கட்டும்னு அரிசில வெச்சேன்."

டில்லி என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"இன்னாத்த காலேஜி படிச்ச நீ? செடிலேர்ந்து அறுத்தா அன்னாசி அதுக்கப்பறம் பழுக்காது நைனா. அரிசிதான் மணக்கும்."

ரூத் அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள்.

"எதுக்கும் அரை மணி நேரம் பாப்போம். வீக்கம், எளைப்பு, இன்னா வந்தாலும் வுடனே பைக்குல போய்க்கலாம்."

அவளுக்கு வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுத்தான். பழங்கள் மேல் சாக்கை விரித்தான். வியாபாரம் சூடுபிடிக்கும் நேரம். வந்தவர்களிடம், "அப்பறம் வாக்கா, கடை லீவு," என்றான். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நாக்கைப் பார்த்தான். கொஞ்ச நேரத்தில் ரூத் கேட்காமலே நாக்கை நீட்டினாள்.

"இன்னும் குத்துதா?"

"இல்ல மாமா. பசிக்குது."

நான் நடைபாதையில் உட்கார்ந்துவிட்டேன்.

டில்லி வண்டியிலிருந்து ஒரு அன்னாசியை எடுத்து, அதன் அடிப்பக்கத்தை என் மூக்கருகே நீட்டினான். இனிப்பாக மணந்தது. தோலைச் சீவி, கண்களைச் சாய்வாக வெட்டியெடுத்து, துண்டுகளை உப்புத் தண்ணீரில் முக்கினான்.

"இது ஒனக்கு. கொழந்தைக்கு இன்னிக்கு வாணாம், நாக்கு ஆறட்டும். நாளிக்கு ரெண்டு துண்டு குடு, போதும். மீதிய மூடி ஃபிரிட்ஜில வை."

தின்றேன். நன்றாக இருந்தது. ஒரு சாப்பாட்டைப் பற்றி எனக்கு அப்படித் தோன்றி ஏழு மாதமாகியிருந்தது.

"தேங்க்ஸ் டில்லி."

ஜானட்டை அடக்கம் செய்த அன்று கடைசிவரை நின்று நாற்காலிகளை அடுக்கியவனும் இவன்தான். அன்று நான் எதுவும் சொல்லவில்லை. இரண்டுக்கும் சேர்த்துத்தான் சொன்னேன். அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும். சாக்கை உதறிக்கொண்டே இருந்தான்.

"போ மாமு. போய் புள்ளைக்கு சோறு போடு."

வீட்டுக்கு வந்து அந்த டிரம் அரிசியில் சோறு வடித்தேன். ரூத் தட்டில் மூக்கை வைத்து மோந்து பார்த்தாள்.

"மணக்கவே இல்லப்பா."

தட்டை வழித்துத் தின்றாள்.