உப்பிட்ட வௌவால்

மூடி எட்டு வருடமான அந்த டேனரியில் பூர்ணிமாவுக்கு வேண்டியிருந்தது இரண்டே இரண்டு வௌவால்கள். திருப்பத்தூரில் ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கும் அவள், மாவட்டத்து வௌவால்களைப் பட்டியல் எடுப்பதில் மூன்று வருடம் ஓட்டியிருந்தாள். பதினான்கு இனங்கள். எல்லாம் முன்பே யாரோ எழுதிவைத்தவை. ஆம்பூருக்கு வெளியே, தோல் பதனிடும் பழைய மர டிரம்முக்கு மேலே, உத்தரத்தில் தொங்கிய இந்த இரண்டுதான் புதிது. ஆனால் இதே உருவத்தில் இன்னோர் இனம் உண்டு. மேல்தாடையில் ஒரு சின்னப் பல்லைப் பார்த்துத்தான் இதுவா அதுவா என்று சொல்ல முடியும். இறந்து கிடந்தால் மட்டும் எடுக்கலாம் என்று அவளுக்கு அனுமதி.

"செத்து விழுந்தா கெட்டுப்போகாம எடுத்து வைங்க பாய்" என்று காவலாளி வாஹித் பாஷாவிடம் சொல்லியிருந்தாள். நேற்று போன் வந்தது. இன்று காலை முதல் பஸ்ஸைப் பிடித்தாள்.

அவர் டிபன் டப்பாவைத் திறந்தார். கல்லுப்புக்கு நடுவே, உள்ளங்கைகூட நிறையாத ஒரு தோல், மடித்தபடி.

"முப்பது வருஷம் குடோன்ல பச்சைத்தோலுக்கு உப்பு போட்டவன் மேடம். ஒரு கீறல் இல்ல பாருங்க. ஃபர்ஸ்ட் கிரேடு."

"தலை எங்க பாய்?"

"தலையா? தலைக்கு எவன் மேடம் உப்பு போடுவான்? காக்கா தூக்கிட்டுப் போய்டுச்சு." சிரித்தார். "இன்னா மேடம், சூப்பு வைக்கவா?"

அவளும் சிரித்தாள். கோபம் வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. சொன்னதைத்தான் செய்திருக்கிறார். கெட்டுப்போகக் கூடாதது என்றால் இங்கே தோல்தான். அது தெரியாமல் சொல்லிவிட்டுப் போனவள் அவள்.

அண்ணாந்து பார்த்தாள். மற்றது அதே இடத்தில் தொங்கியது. வயிறு மெல்ல ஏறி இறங்கியது. தனியாக எத்தனை நாள் தாங்கும் என்று மனம் கணக்குப் போட்டது. மார்கழிக் குளிர்வரை? அதற்கு முன்பேவா? எதைக் கணக்கிடுகிறோம் என்பது பிறகுதான் உறைத்தது. நேற்று போனில் "ஒண்ணு போய்டுச்சு மேடம்" என்று அவர் சொன்னதும், தான் முதலில் சொன்ன சொல் நினைவுக்கு வந்தது: அப்பாடா.

நோட்டை விரித்தாள். இனம் என்ற கட்டத்தை அப்படியே விட்டாள். எண்ணிக்கையில் ஒன்று என்று எழுதினாள்.

"அடுத்தது விழுந்தா தலையோட வைக்கணுமா மேடம்?" உத்தரத்தைக் காட்டிச் சத்தமாகக் கேட்டார்.

"ஆமா பாய். முழுசா" என்றாள், மேலே கேட்டுவிடப் போகிறது என்பதுபோல் குரலைத் தாழ்த்தி.