டார்லாவின் மூன்று நிமிடம்

டார்வெல் ஊர்ப் பள்ளி வாரியக் கூட்டத்தில் டார்லா குபிசெக்குக்குப் பேசக் கொடுத்த மூன்று நிமிடம் பதினோரு நாள் நீடித்தது. அதில் செலவானது பத்தொன்பது விநாடி. மிச்சத்தில் பெரும்பங்கு இன்றும் அவள் பேரில்தான் இருக்கிறது.

அது நெப்ராஸ்காவில் பனி முழுதாய்க் கரையாத மார்ச் மாதம். ஊரின் மேற்கே, போன வருடம் வரை சோளம் நின்ற இடத்தில் மூன்றாவது உயர்நிலைப் பள்ளி எழும்பியிருந்தது. யார் பிள்ளை எந்தப் பள்ளிக்கு என்று எல்லை பிரிக்க ஒமாஹாவிலிருந்து வந்த ஆலோசகர் மூன்று வரைபடங்கள் காட்டினார். மூன்றிலும் வசதியான ஏரிக்கரை வீடுகள் பழைய பள்ளியின் நிறத்திலேயே இருந்தன. மூன்றிலும் காட்டன்வுட் அடுக்ககம் மட்டும் நிறம் மாறியிருந்தது. மதியச் சாப்பாடு இலவசமாகச் சாப்பிடும் ஏழைப் பிள்ளைகள் எல்லாப் பள்ளியிலும் சம அளவில் இருக்க வேண்டும் என்பது விதி. எனவே தராசு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் காட்டன்வுட்டின் இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகளைத் தூக்கி மறுதட்டில் வைப்பார்கள், படிக்கல் மாதிரி. ஒன்பது வருடத்தில் நான்கு முறை வைத்தாகிவிட்டது. அடுக்ககம் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. வாசலில் வந்து நிற்கும் பேருந்தின் எண்தான் மாறிக்கொண்டிருந்தது.

டார்லா பதினான்காம் எண் வீட்டுக்காரி, சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளியின் சமையற்கட்டில் வேலை. வியாழக்கிழமை மதியம் சில்லி என்ற பீன்ஸ்-இறைச்சிக் குழம்போடு கொடுக்கும் இலவங்கப்பட்டை ரோல் அவள் கைப்பக்குவம். மகள் டெஸ்ஸா பத்தாம் வகுப்பு முடிக்கப்போகிறாள். பள்ளி பேண்டில் சூசஃபோன் ஊதுகிறவள். உடம்பைச் சுற்றி வளைந்து தலைக்கு மேலே விரியும் அந்த வெள்ளைக் கொம்பு பள்ளிக்குச் சொந்தம். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் மட்டும் இருந்த இடத்திலேயே முடிக்கலாம், மற்றவர்கள் மாறியே ஆக வேண்டும் என்றது வாரியம். புதுப் பள்ளியில் மூன்று வருடத்துக்கு பேண்டே கிடையாது.

"மா, இந்தத் தடவை நான் போகல," என்றாள் டெஸ்ஸா. "கொம்புக்குள்ள ஒளிஞ்சுக்கறேன். பீரோவுல கொம்போட சேர்த்து என்னையும் பூட்டிக்கட்டும்."

கூட்டம் சென்ட்ரல் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் நடந்தது. பேச வருகிறவர் யாரானாலும் மூன்று நிமிடம்; சுவரில் மிச்ச நேரம் காட்டும் கடிகாரம், அதன் கீழே பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்கு. பேர் கொடுத்தவர்கள் அறுபத்திரண்டு பேர், டார்லா நாற்பத்தேழாவது. முன்னால் போன நாற்பத்தாறு பேரும் பிள்ளைகளின் நலனைப் பற்றியே பேசினார்கள். ஒருவர் தன் வீட்டு விலையைப் பற்றி, விலை என்ற சொல்லை வாயால் சொல்லாமலே, அழுது காட்டினார். நாற்பத்தாறாவது ஆள் ப்ரூக் லிண்ட்ஹோம். ஏரிக்கரைக்காரி, வீடு விற்கும் தொழில். அவள் அடிக்கும் துண்டுத்தாளில் படுக்கையறை எத்தனை என்பதைவிடப் பள்ளியின் பேர்தான் கொட்டை எழுத்தில் இருக்கும். "நான் என் பிள்ளைக்காக மட்டும் பேசல, எல்லாப் பிள்ளைங்களுக்காகவும் பேசறேன்," என்று முடித்துவிட்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள்.

"அப்போ உன் பையனை மொதல்ல அனுப்பேன்," என்றாள் டார்லா, காபிக் கோப்பையோடு அவளைத் தாண்டிப் போகும்போது. ஊரில் ஒரே பள்ளி இருந்த காலத்தில் இருவரும் ஒரே வகுப்பு, ஒரே பேண்டு.

"நீ மாறவே இல்ல டார்லா. அன்னைக்கும் இப்படித்தான், நான் ஃப்ளூட் வாசிக்கறப்போ நடுவுல கொம்ப ஊதுவ."

"நீ வாசிச்சுக்கிட்டிருந்தியா? எங்க யாருக்கும் கேக்கலையேடி!"

பச்சை விளக்கு எரிந்தது. டார்லா காகிதம் எதுவும் கொண்டுவரவில்லை. தன் பேர், வீட்டு எண் சொன்னாள். "உங்க பிள்ளைங்களுக்கு வியாழக்கிழமை ரோல் சுடறது நான்தான். என் பொண்ணு இந்த ஊர்ல ஒரே கட்டில்ல தூங்கி எந்திரிச்சே நாலு பள்ளிக்கூடம் பார்த்துட்டா. மொதல்ல அவ கதையச் சொல்றேன், அப்புறம் மத்த வீடு." டெஸ்ஸாவின் ஒவ்வொரு பேருந்து எண்ணையும், ஒவ்வொரு முறையும் விட்டுவிட்டு வந்த தோழியின் பேரையும் சொன்னாள். அடுத்து முதலாம் எண் வீடு, அதன் மூன்று பிள்ளைகள். பிறகு இரண்டாம் எண். ஐந்தாம் எண் வீட்டை முடித்தபோது வாரியத் தலைவர் வேர்ன் அல்பெர்ஸ் நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தார். பச்சை எரிந்துகொண்டிருந்தது. இரண்டு நிமிடம், ஐம்பத்தொன்பது விநாடி.

ஏணி போட்டு ஏறிப் பார்த்த மின்பணியாளர் கடிகாரத்தில் ஒரு கோளாறும் இல்லை என்றார். வேர்ன் தன் கைக்கடிகாரத்தை ஒலிவாங்கி அருகே கொண்டுபோய்ப் பார்த்தார். அதுவும் நின்றது, விலக்கினால் ஓடியது. வாரியத்தின் வழக்கறிஞர் விதிப் புத்தகத்தைப் புரட்டி, பேசுகிறவருக்கு நேரம் மிச்சமிருக்கும்வரை நிறுத்தச் சொல்ல வழியில்லை என்று அறிவித்தார். "அப்போ பேசுங்க டார்லா, வேற என்ன செய்யறது," என்றார் வேர்ன். டார்லா ஆறாம் எண் வீட்டுக்குப் போனாள்.

அவளுக்குக் கால் வலிக்கவில்லை, தொண்டை கட்டவில்லை, பசிக்கவில்லை. கையிலிருந்த காபி பதினோரு நாளும் ஆறவில்லை. மற்றவர்களுக்குத்தான் பசித்தது. இரண்டாம் நாள் யாரோ உருளைக்கிழங்கும் இறைச்சியும் வைத்துச் சுட்ட பெரிய தட்டு ஒன்றைக் கொண்டுவந்தார்கள். மூன்றாம் நாள் அதுபோல முப்பது தட்டு. நான்காம் நாள் அடுக்ககம் முடிந்தது. கூட்டம் கலைந்துவிடும் என்று வேர்ன் நம்பினார். டார்லா மூச்சுவிட்டுக்கொண்டு ஏரிக்கரையின் முதல் வீட்டைத் தொடங்கினாள். தட்டை நீட்டும் ஒவ்வொரு பிள்ளையையும் தினம் முகம் பார்க்கிறவள் அவள். யார் எதை ஒதுக்குகிறான், யார் யாரோடு உட்காருகிறாள் எல்லாம் அவளுக்குத் தெரியும். அதற்குப் பிறகு ஒருவரும் அசையவில்லை. தன் பிள்ளையின் முறை வரும்வரை காத்திருந்தார்கள், வந்து போன பிறகு பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கதைக்காகக் காத்திருந்தார்கள். "எங்க தெரு எப்போ வரும்?" என்று வாசலில் கேட்டுக்கொண்டு உள்ளே வந்தார்கள். தன் பேரன் வியாழன்தோறும் பாதி ரோலை ஒன்பதாம் எண் வீட்டுப் பையனுக்குப் பிய்த்துக் கொடுப்பதைக் கேட்டு வேர்ன் மூக்கைச் சிந்தினார். "அவன் வீட்ல தண்ணிகூட பங்கு போட மாட்டானே!" என்றார் ஒலிவாங்கியில்.

ஐந்தாம் நாள் ப்ரூக்கின் வீடு வந்தபோது மட்டும் டார்லா ஒலிவாங்கியை விட்டு இறங்கி முன்வரிசைக்குப் போய்க் குனிந்தாள். "உன் பையன் ஆலிவர் மூணு மாசமா பால் ஃப்ரிட்ஜ் பக்கத்துல தனியா உக்காந்து சாப்பிடறான். அவனுக்கு இந்தப் பள்ளிக்கூடம் புடிக்கவே இல்லடி. தங்கமான பையன். எந்திரிச்சுப் போறப்போ எல்லார் தட்டையும் அடுக்கிக் குடுத்துட்டுத்தான் போவான்." ப்ரூக் தன் கையிலிருந்த வரைபடத்தை மெதுவாக மடித்தாள். அந்த ஐந்து நாளில் அவள் அதை முதல்முறையாக மடித்தாள்.

பதினோராம் நாள் சென்ட்ரல் பள்ளிப் பிள்ளைகள் நானூறு பேர் கையெழுத்திட்ட மனு வந்தது. டார்லாவுக்குப் பதிலாக வந்த ஆள் சுடும் ரோல் கதவுக்குமிழ் மாதிரி இருக்கிறது, தயவுசெய்து அவளை விட்டுவிடுங்கள் என்று எழுதியிருந்தார்கள். டார்லா படித்துவிட்டு நிமிர்ந்தாள். கடிகாரத்தில் இரண்டு நிமிடம் நாற்பத்தோரு விநாடி. "மிச்சத்த வெச்சுக்கறேன் வேர்ன். மாவு பிசையணும்," என்று இறங்கினாள். வீட்டுக்குப் போனபோது பால் திரிந்திருந்தது, டெஸ்ஸா தலைமுடிக்கு நீலச் சாயம் பூசியிருந்தாள்.

வழக்கறிஞர் மறுபடியும் புத்தகத்தைப் புரட்டினார். பொதுமக்கள் பேச்சு முடியாமல் வாக்கெடுப்பு நடத்தக் கூடாது. டார்லாவின் பேச்சு முடியவில்லை. எனவே எல்லைக்கு வாக்கெடுப்பு இல்லை. ஆகஸ்டில் புதுப் பள்ளி எல்லையே இல்லாமல் திறந்தது. பேருந்துகள் எல்லாத் தெருவுக்கும் போய்க் கதவைத் திறந்துகொண்டு நின்றன; பிள்ளைகள் வேண்டியதில் ஏறினார்கள். ஒரு பள்ளியில் ட்ரம்பெட் ஊத ஆளில்லை, இன்னொன்றில் ஒன்பது பேர் மிகுதி. புதுப் பள்ளியின் கால்பந்து அணி இரண்டு வருடம் ஓர் ஆட்டமும் ஜெயிக்கவில்லை. அதற்காக யாரும் வீட்டை விற்கவில்லை. ஆலிவர் முதல் நாளே புதுப் பள்ளிக்குப் போனான், மூன்றாம் நாள் அவன் மேசையில் ஆறு பேர் இருந்தார்கள். டெஸ்ஸா சென்ட்ரலிலேயே ஊதி, சென்ட்ரலிலேயே முடித்தாள். பட்டமளிப்பு நாளில் கொம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது பேண்டு ஆசிரியர், பீரோ சாவி தொலைந்துவிட்டது, நீயே வைத்துக்கொள் என்றார். சாவி அவர் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

அதிலிருந்து வாரியக் கூட்டம் ஒவ்வொன்றும் "டார்லா, ஏதாவது சொல்லணுமா?" என்ற கேள்வியோடு தொடங்குகிறது. "இன்னைக்கு இல்ல," என்பாள் டார்லா.

நான்காம் வருடம் எல்லைத் தீர்மானத்தை உயர்நிலைப் பள்ளிகளை விட்டுவிட்டு நடுநிலைப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தார்கள். புது வரைபடம் ஏரிக்கரைத் தெருவை நடுவே வெட்டியது. ப்ரூக்கின் சின்ன மகள் ஒரு பக்கம், அவள் தோழிகள் எல்லாம் மறுபக்கம். ப்ரூக் சில்லிப் பானையோடு பதினான்காம் எண் கதவைத் தட்டினாள்.

"எனக்கு மூணு நிமிஷம் பத்தாது டார்லா."

"உனக்கு அதுவே ஜாஸ்தி."

"சரிடி, திட்டிக்கோ. உதவி கேக்க எனக்கு வேற ஆள் இல்ல."

டார்லா பானையைத் திறந்து முகர்ந்தாள். தன் நேரத்தை இன்னொருவருக்கு விட்டுக்கொடுக்கும் மஞ்சள் அட்டை வாரியத்தில் உண்டு. அதில் இருபது விநாடி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினாள். "வீட்டு விலையப் பத்திப் பேசினா, திருப்பி வாங்கிப்பேன்."

ப்ரூக் திங்கட்கிழமை பேசத் தொடங்கினாள். வெள்ளிக்கிழமை டார்லா ரோல் தட்டோடு கூடத்துக்குள் நுழைந்தபோது கடிகாரத்தில் ஐந்து விநாடி குறைந்திருந்தது. முதல்முறை வந்த இளம் பெற்றோர் சிலர் போர்வை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். ப்ரூக் ஏரிக்கரையைச் சொல்லி முடித்துவிட்டுக் காட்டன்வுட்டுக்கு வந்திருந்தாள். ஒன்பதாம் எண் வீட்டில் இப்போது இருக்கும் இரட்டைப் பெண்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அது ஒன்பது இல்ல, பதினொண்ணு!" என்று கத்தினாள் டார்லா வாசலிலிருந்தே.

"பதினொண்ணு," என்று ப்ரூக் திருத்திக்கொண்டாள். வேர்ன் அதைக் குறித்துக்கொண்டு ஒரு ரோலுக்குக் கை நீட்டினார்.