எலிகளுக்காக வந்த டாக்டர்

எலிகளின் அறைக்குள் போகுமுன் அவன் தலைமுழுகிக் குளிக்க வேண்டும். பிறகு ஆவியில் வெந்த உடுப்பு, கையுறை, முகமூடி. உள்ளே வெள்ளெலிகள் கூண்டுகளில் சொகுசாகக் கிடந்தன. எதிர்ப்புச் சக்தி குறைவாகவே பிறந்தவை. ஒருவர் தும்மினாலும் சீக்கு வந்துவிடும். ஈயப்புகை அந்தச் சக்தியை இன்னும் எவ்வளவு அரிக்கிறது என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி. பாதி எலிகளுக்குத் தினமும் புகை, மீதிக்கு வடிகட்டிய காற்று. தீனி வைத்து, கூண்டு கழுவுவது அவன் வேலை.

இதையெல்லாம் வீட்டில் போய்ச் சொன்னதுதான் வினையாகிவிட்டது. மனைவி அந்த எலிகளைக் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் சக்களத்தியைப் போலக் கரித்துக்கொட்டினாள்.

"கிளம்பியாச்சா சின்ன வீட்டுக்கு? அவளுங்களப் பாக்கன்னா குளியல் என்ன, புதுத்துணி என்ன! இங்க வந்தா மூஞ்சி கழுவக்கூட வலிக்குது."

"எலிடி அதெல்லாம்."

"பாதிக்குப் புகை, பாதிக்கு நல்ல காத்துன்னீங்களே. நம்ம பாப்பா எதுல சேத்தி?"

அவன் சட்டைப் பித்தானைப் போடுவதில் மும்முரமாக இருந்தான். பழைய பேட்டரிகளை உருக்கி ஈயம் எடுக்கும் பட்டறைக்கு மேலேதான் அவர்கள் குடியிருந்தார்கள். குழந்தைக்கு ஒரு காதில் சீழ் நின்றால் மறு காதில் வடியும். இப்போது இருமலோடு காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. அரசு ஆஸ்பத்திரியில் பழைய மருந்தையே மறுபடியும் கொடுத்தார்கள்.

"வீட்ல யாருக்காச்சும் காய்ச்சல், இருமல் இருக்கா?" என்று ஆய்வுக்கூட வாசலில் தினமும் கேட்பார்கள். இருக்கிறது என்றால் உள்ளே விடமாட்டார்கள், கூலியும் கிடையாது. அவன் இல்லை என்றே சொல்லிவந்தான்.

ஒருநாள் வயிற்றெரிச்சல் தாங்காமல் அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்த வாசலுக்கே போய்விட்டாள்.

"அவருக்குச் சொந்தமா ஒரு பொண்ணும் இருக்கு. அதுக்கு உடம்பு நெருப்பாக் கொதிக்குது. எலிக்கு மட்டுந்தான் பாப்பீங்களா?"

அன்று மாலையே ஆய்வுக்கூடத்து டாக்டரம்மா காரில் வந்து இறங்கி, மூச்சு வாங்க மாடி ஏறினார். இருந்த ஒரே நாற்காலியை அவள் முந்தானையால் துடைத்துப் போட்டாள். டாக்டரம்மா குழந்தையின் தொண்டையில் பஞ்சு விட்டு எடுத்தார். எப்போது காய்ச்சல் வந்தது, அப்பாவோடு படுக்குமா என்று பொறுமையாக விசாரித்தார். அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஒருவழியாக எலிகளை ஜெயித்துவிட்டாள்.

"பாத்தீங்களா? வாயத் தொறந்து கேட்டாத்தான் நடக்கும்," என்று அவனிடம் பெருமையடித்துக்கொண்டாள்.

மறுநாள் போன் வந்தது. அவன் எழுந்து நின்று பேசினான். வைத்தபோது முகம் தெளிந்திருந்தது.

"எலிக்கெல்லாம் ஒண்ணும் ஆகலியாம். பொய் சொன்னதையும் மன்னிச்சிட்டாங்க. வேலைக்கு வரச் சொல்லிட்டாங்க."

"பாப்பாவுக்கு?"

"தொண்டையில கிருமி இருக்காம். ஆஸ்பத்திரியில காட்டச் சொன்னாங்க."

"அவங்க மருந்து தரலியா?"

"அவங்க எலி டாக்டராம்." அவன் தயங்கினான். "பாப்பாவுக்குக் குணமாகுற வரைக்கும் நான் இங்க இருக்கக் கூடாதாம். அங்கயே ரூம் தர்றாங்க. ஜன்னல் தொறக்க வேணாம், காத்தையே வடிகட்டித்தான் விடுவாங்களாம்."

அவள் கொடியிலிருந்த அவனுடைய சட்டைகளை உருவி மடித்தாள். கீழே பட்டறையில் உலை மூட்டிவிட்டார்கள். பலகை இடுக்கு வழியே புகை ஏறத் தொடங்கியது. குழந்தை இருமிக்கொண்டே தூக்கச் சொல்லி அப்பாவிடம் கையை நீட்டியது. அவன் கதவுவரை பின்வாங்கி நின்றான்.