கதவுக்குப் பின்னால்

மருத்துவமனை நிர்வாகியின் அறைக்கு அப்போதெல்லாம் மரக்கதவு. பொதுவுடைமைக் கட்சி ஆண்ட காலம், எல்லாமே எல்லோருக்கும் சொந்தம். ஆபரேஷன் வரிசை மட்டும் அவருக்குச் சொந்தம். முந்த வேண்டுமானால் காகிதத்தில் சுற்றிய ஒரு மது பாட்டிலைக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டு, மழையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டு வரவேண்டும். அவர் பார்க்கவில்லை, நாமும் வைக்கவில்லை. அம்மாவுக்கு அப்படித்தான் கண் தெரிந்தது.

பிறகு கட்சி போயிற்று. ஊரே கைதட்டியது, நானும்தான் தட்டித் தொலைத்தேன். மருத்துவமனையை ஒரு கம்பெனி வாங்கியது. நாற்காலியில் மட்டும் அதே மனுஷன். பழைய குருடி கதவைத் திறடி என்று நினைத்துவிட்டேன், மடையன்.

நான் பஸ் டெப்போவில் பிரேக் மெக்கானிக். என் மனைவிக்கு இதய வால்வு பழுது. சீக்கிரம் ஆபரேஷன் செய்யாவிட்டால் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நல்ல பாட்டிலாக வாங்கிச் சுற்றிக்கொண்டு போனேன்.

உள்ளே நுழைந்ததும் கை தன்னால் பொட்டலத்தைக் கதவோரம் வைத்தது. "என்ன மழை சார் இந்த வருஷம்," என்றேன்.

அவர் முகம் வெளுத்தது. திரும்பிப் பார்த்தேன். கதவு இப்போது கண்ணாடி. வெளியே உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"யோவ், லஞ்சமா குடுக்கிற?" என்று ஊருக்கே கேட்கக் கத்தினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இப்பல்லாம் இது கிடையாதுய்யா. கீழே கவுண்டர்ல முன்னுரிமைக் கட்டணம் கட்டணும். ரசீது தருவாங்க. என் பங்கு அதுலயே வந்துரும்."

"எவ்வளவு சார்?"

சொன்னார். வீட்டை விற்றாலும் பாதிகூடத் தேறாது.

"அப்ப வரிசையிலயே இருக்கட்டும் சார்."

"எல்லாரும் பாத்துட்டாங்களேய்யா. இனி உன் வீட்டுக்காரி பேரை வரிசையிலேர்ந்து எடுக்கலைன்னா என் வேலை போயிடும். தப்பா நினைக்காதே."

எடுத்துவிட்டார். காவலாளி என்னையும் பாட்டிலையும் வாசலில் விட்டான். டெப்போவில் எனக்குப் பட்டாசு என்று பெயர். அன்று பட்டாசு நமுத்துப்போயிருந்தது. கோபம்கூட வரவில்லை. பாட்டிலைத் தெருமுனைக் குப்பைத்தொட்டியில் போட்டேன்.

வீட்டில் அவள் முதலில் என் வெறுங்கையைத்தான் பார்த்தாள்.

"வாங்கிக்கிட்டாரா?"

"ம். வாங்கிக்கிட்டார்."

கட்டிலுக்கடியிலிருந்து பையை இழுத்து, மூச்சு வாங்க வாங்கத் துணிகளை மடித்து வைக்க ஆரம்பித்தாள்.

"ஆஸ்பத்திரியில குளிருமே, போர்வையும் வைக்கட்டுமாங்க?"

"வை," என்றேன்.